மின்சார கார் கட்டுப்படியாகுமா? தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் போட வேண்டிய கணக்கு

போன மாதம் மிட்ராண்டிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். கோயம்புத்தூர்ப் பையன், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. "அண்ணா, இங்க பெட்ரோல் விலையைப் பார்த்தா பயமா இருக்கு. பேசாம கரண்ட் கார் எடுத்துடலாம்னு இருக்கேன். ஷோரூம்ல புக் பண்ணிடட்டுமா?" என்றான். கையெழுத்து எதுவும் போடாதே என்று சொல்லிவிட்டு, அன்று ராத்திரி இருவரும் போனிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அதே வாரம் கோயிலில் ஒரு அக்கா இதே கேள்வியைக் கேட்டார். அவருக்கு டர்பனில் சொந்த வீடு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பள்ளியில் ஆசிரியை வேலை. கேள்வி ஒன்றுதான். தம்பிக்கு வந்த விடை ஒன்று, அக்காவுக்கு வந்த விடை வேறு.

நான் மூன்று வருடமாக டர்பனில் மின்சார கார் ஓட்டுகிறேன். வாங்கும் முன் யாராவது எனக்கு இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தால் இரண்டு தவறுகளைத் தவிர்த்திருப்பேன். மின்சார கார் உங்களுக்கு மிச்சமா நஷ்டமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, ராத்திரி அந்தக் காரை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதுதான். கம்பெனி, மாடல், நிறம் எல்லாம் அதற்குப் பிறகு. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. மாதம் எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் எழுதுங்கள்

"நிறைய ஓட்டுவேன்" என்று சொன்னால் கணக்கு வராது. வீட்டிலிருந்து ஆபீசுக்கு எவ்வளவு தூரம், வாரத்தில் எத்தனை நாள் உண்மையில் ஆபீஸ் போகிறீர்கள், சனி ஞாயிறில் கடை, கோயில், நண்பர் வீடு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுதுங்கள். தம்பி தன் ஓட்டத்தை இரண்டாயிரம் கிலோமீட்டர் என்று நினைத்திருந்தான். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. எண்ணிப் பார்த்தால் 900. அக்காவுக்கு எண்ணவே வேண்டாம். ஒரு வழி சுமார் 80 கிலோமீட்டர். போக வர 160. மாதம் 21 நாள். வேலைக்கு மட்டுமே 3,300-க்கு மேல் வந்துவிட்டது.

நெடுந்தூரப் பயணத்தை இதில் சேர்க்காமல் தனியாக எழுதி வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

2. உங்கள் வீட்டு பிளக்கில் ஒரு யூனிட் என்ன விலை?

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

இந்த நாட்டில் சில வீடுகளுக்கு அரசு மின்சாரக் கம்பெனியான எஸ்காம் நேரடியாக மின்சாரம் கொடுக்கிறது. பெரும்பாலான நகரவாசிகளுக்கு நகராட்சிதான் விற்கிறது: ஜோகன்னஸ்பர்க்கில் சிட்டி பவர், டர்பனில் எதெக்வினி, பிரிட்டோரியாவில் ச்வானே. எஸ்காமின் நேரடி வாடிக்கையாளர்களுக்கு விலை ஏப்ரல் 1-ஆம் தேதி மாறும். நகராட்சி வாடிக்கையாளர்களுக்கு ஜூலை 1. கடந்த சில வருடங்களாக இந்த ஏற்றம் சாதாரண விலைவாசி ஏற்றத்தை விட அதிகம். 2025 ஏப்ரலில் எஸ்காமுக்கு மட்டும் 12.7 சதவீதம் ஏற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது. மின்சாரம் இன்று இருக்கும் விலையிலேயே ஆறு வருடம் நிற்கும் என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

பில்லைப் பார்க்கும்போது இரண்டு இடங்களில் ஏமாறக்கூடும். முதலாவது, மாதக் கட்டணம். மீட்டருக்கென்று மாதாமாதம் வரும் நிலையான தொகையை நீங்கள் கார் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டித்தான் ஆக வேண்டும். அதைக் காரின் தலையில் கட்ட வேண்டாம். இரண்டாவது, அடுக்கு விலை. ஜோகன்னஸ்பர்க், ச்வானே போன்ற இடங்களில் மாதத்தின் முதல் சில நூறு யூனிட்டுகள் ஒரு விலை. அதைத் தாண்டினால் யூனிட் விலை ஏறும். கார் சார்ஜ் உங்கள் வீட்டுச் செலவுக்கு மேல் வந்து உட்காருகிறது. அதனால் காருக்கு நீங்கள் கொடுப்பது அடுக்கின் உச்சி விலை. சராசரி விலையைப் போட்டுக் கணக்கிட்டால் காகிதத்தில் மட்டும் லாபம் தெரியும்.

வாடகைக்கு இருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள். டவுன்ஹவுஸ் வளாகங்களில் பல இடத்தில் நகராட்சி மீட்டர் வளாகத்துக்கு ஒன்றுதான்; உங்கள் வீட்டில் இருப்பது தனியார் ப்ரீபெய்டு மீட்டர். டோக்கன் வாங்கும்போது கம்பெனியின் சேவைக் கட்டணம் பிடிப்பார்கள். நூறு ரேண்டுக்கு டோக்கன் வாங்கி, கையில் எத்தனை யூனிட் வந்தது என்று வகுத்துப் பாருங்கள். அதுதான் உங்கள் உண்மை விலை.

என் கணக்குக்கு வரி உட்பட யூனிட் 3.50 ரேண்ட் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் விலையை அந்த இடத்தில் போடுங்கள்.

சிறிய மின்சார கார் ஊருக்குள் நூறு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 15 யூனிட் எடுக்கும். வீட்டு பிளக்கில் சார்ஜ் செய்யும்போது பத்தில் ஒரு பங்கு சூடாகவே வீணாகும். ஆகவே மீட்டரில் ஓடுவது 16.5 யூனிட். நூறு கிலோமீட்டருக்கு 58 ரேண்ட்.

அதே காரை ஷாப்பிங் மாலில் இருக்கும் வேக சார்ஜரில் போட்டால் யூனிட் ஏழு ரேண்டை ஒட்டி வரும். வீணாவது போக 16 யூனிட் என்று வைத்தால் நூறு கிலோமீட்டருக்கு 112 ரேண்ட். ஒரே கார், ஒரே சாலை, செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ராத்திரி எங்கே நிறுத்துகிறீர்கள் என்று நான் கேட்டதன் காரணம் இதுதான்.

வீட்டில் பிளக் இருக்கிறது என்றால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். என் முதல் தவறு இங்கேதான் நடந்தது. கார் வாங்கிய புதிதில், கராஜ் சுவரில் இருந்த பழைய மூன்று முள் பிளக்கில், அதுவும் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு, ராத்திரி முழுக்க சார்ஜ் செய்தேன். நாலாவது நாள் ராத்திரி பதினொரு மணிக்குக் கராஜ் கதவைத் திறந்தால் பிளாஸ்டிக் கருகும் வாடை. பிளக்கைத் தொட்டேன், கையை வைக்க முடியவில்லை. சுவிட்சை அணைத்து, ஆறியபின் உருவிப் பார்த்தேன். ஒரு முள்ளைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தது. வீட்டுப் பிளக்கில் கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் பத்து நிமிடம் ஓடும். கார் எட்டு மணி நேரம் ஓயாமல் இழுக்கும். பழைய பிளக்கும் தளர்ந்த வயரும் அதைத் தாங்காது.

ஆகவே உங்கள் பட்டியலில் இதைச் சேருங்கள்: காருக்கென்று மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், முடிந்தால் சுவரில் மாட்டும் சார்ஜரான வால்பாக்ஸ். பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ், இங்கே எல்லோரும் சிஓசி என்று சொல்வது, கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். தீப்பிடித்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கும் முதல் காகிதம் அதுதான். எனக்கு எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ரேண்டை ஒட்டி ஆயிற்று. அந்தப் பணம் கார் விலையோடு சேர வேண்டிய பணம்.

இங்கே பல வீடுகளுக்கு 60 ஆம்பியர், ஒரே பேஸ் இணைப்புதான். வால்பாக்ஸ் 32 ஆம்பியர் இழுக்கும்போது கீசரும் அடுப்பும் ஒன்றாக ஓடினால் மெயின் ட்ரிப் ஆகும். இரவு பத்துக்கு மேல் சார்ஜ் ஆகும்படி நேரம் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தினமும் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடுபவருக்கு வால்பாக்ஸே தேவையில்லை; தனி வயரில் ஒரு நல்ல பிளக் போதும். காரோடு வரும் சாதாரண சார்ஜர் மணிக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல் ஏற்றும். ராத்திரி எட்டு மணி நேரத்தில் நூறு கிலோமீட்டருக்கான சார்ஜ் வந்துவிடும்.

வளாகத்தில் இருப்பவர்கள் பாடி கார்ப்பரேட்டிடம், அதாவது வளாகத்து வீட்டு உரிமையாளர்களின் சங்கத்திடம், எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பார்க்கிங் இடம் பெரும்பாலும் பொதுச் சொத்து. அங்கே வயர் இழுப்பது உங்கள் இஷ்டம் ஆகாது. "பார்க்கலாம், செய்யலாம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் பதிலை நம்பி காருக்கு முன்பணம் கட்டாதீர்கள். தம்பியின் வீட்டுக்காரர் சொன்ன பதில் அதுதான். அவனுடைய கார் நிற்கும் இடத்துக்கும் அவன் மீட்டருக்கும் நடுவே இரண்டு வீடுகள், ஒரு புல்வெளி.

கூரையில் சோலார் இருப்பவர்கள் பற்றி ஒரு வார்த்தை. லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-இல், அரசு பேனலுக்கு 15,000 ரேண்ட் வரை வரிச்சலுகை கொடுத்தபோது, நம்மவர்கள் பலர் சோலார் போட்டார்கள். பகலில் கார் வீட்டில் நின்றால் அந்த வெயில் காருக்கு இலவசம். பகலெல்லாம் கார் ஆபீஸ் பேஸ்மென்டில் நின்றால் உங்கள் சோலாரால் காருக்குப் பயனில்லை. ராத்திரி இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து காரை ஏற்றலாமே என்று கேட்கிறார்கள். வீட்டு பேட்டரி ஐந்து யூனிட், பத்து யூனிட். கார் பேட்டரி முப்பதிலிருந்து அறுபது. குடத்திலிருந்து கிணற்றை நிரப்புகிற வேலை அது.

3. பெட்ரோல் பக்கம்

இது சுலபம். பெட்ரோல் விலையை அரசே நிர்ணயிக்கிறது. மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும். ஒரே பகுதியில் எல்லா பங்க்கிலும் ஒரே விலை. கடற்கரையில் குறைவு, குழாயிலும் லாரியிலும் மேலே போக வேண்டியிருப்பதால் ஜோகன்னஸ்பர்க் பக்கம் கூடுதல். லிட்டருக்கு ஏறக்குறைய ஆறு ரேண்ட் இரண்டு வரிகளுக்கே போகிறது: எரிபொருள் வரி ஒன்று, சாலை விபத்து நிதிக்கு ஒன்று. மீதி, கச்சா எண்ணெய் விலையும் டாலருக்கு எதிரான ரேண்டின் மதிப்பும் ஆட்டி வைப்பது.

லிட்டர் 22 ரேண்ட், சிறிய கார் நூறு கிலோமீட்டருக்கு 6.5 லிட்டர் என்று எடுத்தால் 143 ரேண்ட். இந்த மாத விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி சொல்லும் மைலேஜைப் போடாதீர்கள். அதே காரை இங்கே ஓட்டும் ஒருவரிடம் கேளுங்கள்.

வீட்டில் சார்ஜ் செய்பவருக்கு நூறு கிலோமீட்டருக்கு மிச்சம் 85 ரேண்ட். வெளியில் மட்டுமே சார்ஜ் செய்பவருக்கு 31 ரேண்ட். இந்த இரண்டு எண்களையும் வட்டமிட்டு வையுங்கள்.

4. வாங்கும் விலையில் எவ்வளவு வித்தியாசம், அதற்கு வட்டி எவ்வளவு?

ஊரில் மின்சார காருக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. அதே நினைப்பில் இங்கே வந்தால் ஏமாற்றம்தான். முழுதாகச் செய்து இறக்குமதியாகும் மின்சார காருக்கு 25 சதவீத சுங்கவரி. ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கோ 18 சதவீதம். அதற்கு மேல் விலைக்கேற்ப ஏறும் சொகுசு வரி, அதற்கும் மேல் 15 சதவீத வாட். வாங்குபவருக்கு அரசு மானியம் எதுவும் கிடையாது. 2026 மார்ச்சிலிருந்து 150 சதவீத வரிக்கழிவு என்று செய்தியில் படித்திருப்பீர்கள். அது இங்கே மின்சார கார் தயாரிக்கும் கம்பெனிகளின் முதலீட்டுக்கு. நமக்கு வராது.

ஆனாலும் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. சில வருடம் முன்பு ஐந்து லட்சம் ரேண்டுக்குக் கீழே புது மின்சார கார் கிடைப்பதே அரிது. 2025-இல் பிஒய்டி டால்பின் சர்ஃப் 3,39,900 ரேண்டுக்கு வந்தது. பெரிய பேட்டரி உள்ளது 3,89,900. அந்த அளவில், சுசூகி ஸ்விஃப்ட் போன்ற ஒரு நல்ல பெட்ரோல் கார் இரண்டரை லட்சத்தை ஒட்டிக் கிடைக்கிறது. ஆக, வித்தியாசம் ஏறக்குறைய ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம்.

இந்த வித்தியாசத்தை மாதத் தவணையாக மாற்றிப் பார்த்தால்தான் நிஜம் தெரியும். 11.5 சதவீத வட்டி, 72 மாதம் என்றால், ஒவ்வொரு ஒரு லட்சம் ரேண்ட் வித்தியாசத்துக்கும் மாதம் 1,930 ரேண்ட் கூடுதலாகக் கட்டுவீர்கள்.

புதிதாக வந்தவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். நிரந்தர வசிப்புரிமை இல்லாமல் வேலை விசாவில் இருப்பவருக்குக் கடன் கொடுக்கும் வங்கி, வழக்கமாக விசா முடியும் தேதிக்குள் கடன் முடிய வேண்டும் என்று கேட்கும். முன்பணமும் அதிகம் கேட்கும். விசாவில் மூன்று வருடம்தான் மீதி என்றால், அதே ஒரு லட்சத்துக்கு மாதம் 3,300 ரேண்ட். தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாதவர்கள் காரைத் தன் பெயரில் பதிவு செய்ய, முதலில் டிராஃபிக் ரெஜிஸ்டர் எண் வாங்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே விண்ணப்பித்து விடுங்கள்.

தவணையைக் குறைத்துக் காட்ட "பலூன்" என்று ஒன்று சொல்வார்கள். கடைசியில் மொத்தமாகக் கட்ட வேண்டிய பெருந்தொகை அது. மின்சார காருக்கு அதை எடுக்கவே எடுக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். புது மாடல்கள் விலை குறைந்துகொண்டே வரும்போது பழைய மின்சார காரின் மறுவிற்பனை விலை வேகமாக விழுகிறது. ஆறாவது வருடம் கார் போகும் விலையை விட பலூன் பெரிதாக நிற்கலாம்.

5. இப்போது சேர்த்துப் பாருங்கள்

கூடுதல் தவணையிலிருந்து சர்வீஸில் மிச்சமாகும் பணத்தைக் கழியுங்கள். மீதியை ஒரு கிலோமீட்டருக்கான மிச்சத்தால் வகுங்கள். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினால் கை கடிக்காது என்பது கிடைக்கும்.

சர்வீஸ் மிச்சம் சராசரியாக மாதம் 300 ரேண்ட் என்று வைப்போம். ஒரு லட்சம் வித்தியாசம், ஆறு வருடக் கடன், வீட்டு பிளக்: 1,930-இல் 300 போக 1,630, அதை 85 சென்ட்டால் வகுத்தால் 1,900 கிலோமீட்டர். வெளி சார்ஜர் மட்டும் என்றால் 31 சென்ட்டால் வகுக்க வேண்டும், ஐயாயிரத்தைத் தாண்டிவிடும். டாக்சி ஓட்டுபவரைத் தவிர யாரும் அவ்வளவு ஓட்டுவதில்லை.

தம்பியின் கணக்கு பத்து நிமிடத்தில் முடிந்தது. 900 கிலோமீட்டர், வீட்டில் பிளக் இல்லை, மூன்று வருட விசா. மாதம் மிச்சம் 279 ரேண்ட். சர்வீஸையும் சேர்த்தால் 579. கூடுதல் தவணை 3,300. போனில் கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. "அப்ப பெட்ரோல்தானாண்ணா?" என்றான். ஆமாம் என்றேன். நல்ல சர்வீஸ் ரெக்கார்டு உள்ள பழைய பெட்ரோல் காராகப் பார்க்கச் சொன்னேன். கடன் முடிந்தபின் கார் கையில் இருக்குமே என்று கேட்கலாம், நியாயம்தான். விசா நீடித்து அவன் இங்கேயே இருந்தால். அந்த நிச்சயம் வந்தபின் திரும்பக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அக்காவின் கணக்கில்தான் எனக்கும் ஒரு பாடம் இருந்தது. 3,300 கிலோமீட்டரை 85 சென்ட்டால் பெருக்கினால் 2,800 ரேண்ட் வருகிறது, பேஷ் என்று முதலில் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் உறைத்தது: அவர் ஓட்டுவது என்3 நெடுஞ்சாலை, அதுவும் டர்பனிலிருந்து ஏற்றம். ஊருக்குள் மீட்டரில் 16.5 யூனிட் ஓட்டும் கார் 120 வேகத்தில், வீணாவதையும் சேர்த்து, இருபதைத் தொடும். பெட்ரோல் காருக்கு நெடுஞ்சாலையில் மைலேஜ் கூடும் அல்லது அப்படியே நிற்கும். மின்சார காருக்கு நேரெதிர். காற்றை எதிர்த்துத் தள்ளும் செலவு வேகத்தோடு கிடுகிடுவென ஏறுகிறது; ஊருக்குள் பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்கும் சார்ஜ் நெடுஞ்சாலையில் கிடைப்பதில்லை. ஆகவே அவருக்கு நூறு கிலோமீட்டருக்கு 70 ரேண்ட், மிச்சம் 73. மாதம் 2,400, சர்வீஸைச் சேர்த்தால் 2,700. பெரிய பேட்டரி மாடலுக்கும் பெட்ரோல் காருக்கும் வித்தியாசம் 1.4 லட்சம், தவணை 2,700. சரிக்குச் சரி.

தராசைச் சாய்த்தது அவர் வீட்டுக் கூரை. சோலார் 2023-லேயே போட்டிருக்கிறார். பள்ளி முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். கோடையில் ஐந்தரை வரை வெயில் இருக்கிறது. தினம் ஐந்தாறு யூனிட் வெயிலில் ஏறினால் மாதம் நானூறு ரேண்ட் கையில் நிற்கும். பெரிய லாபம் இல்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு தவணை நின்றதும்தான் முழு லாபம். அவர் இதே வீட்டில் இதே வேலையில் இருக்கப்போகிறவர் என்பதால் வாங்குங்கள் என்று சொன்னேன்.

விலை குறைந்த சிறிய பேட்டரியை எடுத்தால் இன்னும் மிச்சமே என்று கேட்டார். 30 யூனிட் பேட்டரிக்குக் கம்பெனி சொல்லும் தூரம் சுமார் 230 கிலோமீட்டர். நெடுஞ்சாலை வேகத்திலும் ஏற்றத்திலும் அது 150, 160 என்று இறங்கிவிடும். அவர் தினசரி ஓட்டமே 160. தினமும் நெஞ்சில் நெருப்போடு வீடு வந்து சேர முடியாது. வழியில் வேக சார்ஜருக்குப் போனால் மிச்சமும் போயிற்று. மலிவான மாடல் ஊருக்குள் ஓட்டுபவருக்கு.

6. சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ்

மின்சார காரில் இன்ஜின் ஆயில் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, கிளட்ச் இல்லை. பிரேக் பேட் நெடுநாள் உழைக்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் இங்கே விற்கும் புது பெட்ரோல் கார்கள் பலவற்றில் முதல் சில வருட சர்வீஸ் பிளான் விலையிலேயே அடங்கியிருக்கிறது. அந்தக் காலத்தில் சர்வீஸில் உங்களுக்கு மிச்சம் கிட்டத்தட்ட பூஜ்யம். பிளான் முடிந்தபின்தான் வித்தியாசம் தெரியும்.

டயரில் மின்சார கார் தோற்கும். எடை அதிகம், இழுவை அதிகம். என் காரில் டயர் எதிர்பார்த்ததை விடச் சீக்கிரம் தேய்ந்தது. கண்ணாடியில் ஒட்டும் வருடாந்திர லைசென்ஸ் டிஸ்க்கின் கட்டணமும் காரின் எடையை வைத்துத்தான்; கொஞ்சம் கூடுதல் வரும். டோலில் சலுகை கிடையாது.

இன்சூரன்ஸை முன்கூட்டியே கேளுங்கள். கடன் இருந்தால் முழு இன்சூரன்ஸ் கட்டாயம். இந்திய லைசென்ஸோடு வந்த புதியவருக்கு பிரீமியம் ஏற்கெனவே அதிகம். மின்சார காருக்கு இன்னும் கூடலாம். இரண்டு கார்களுக்கும் ஒரே நாளில் மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டு எழுதி வையுங்கள். நான் இதைச் செய்யவில்லை, அதுதான் என் இரண்டாவது தவறு. காரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கேட்டேன். நான் மனதில் வைத்திருந்ததை விட மாதம் 400 ரேண்ட் கூடுதல்.

7. நெடுந்தூரம்

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் 570 கிலோமீட்டர் சொச்சம். கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். அந்த உயரத்துக்குக் காரைத் தூக்க மட்டுமே ஏழெட்டு யூனிட் போகும்; திரும்பி வரும்போது அதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்ப வரும். அதனால் டர்பனிலிருந்து போகும்போது ஒரு நிறுத்தம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வேக சார்ஜர் விலை. நெடுஞ்சாலைச் செலவு 20 யூனிட். நூறு கிலோமீட்டருக்கு 140 ரேண்ட். பெட்ரோலுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. இதனால்தான் நெடுந்தூரத்தைத் தனியாக எழுதச் சொன்னேன்: அதில் மிச்சம் வராது.

நேரமும் கணக்கில் வரும். மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மனுக்குப் புனித வெள்ளியன்று கூழ் ஊற்றிவிட்டு ஜோகன்னஸ்பர்க் திரும்பும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். போன ஈஸ்டருக்கு நானும் அந்தக் கூட்டத்தோடு மேலே போனேன். ஹாரிஸ்மித் பக்கம் இரண்டு சார்ஜர். ஒன்றில் திரை இருண்டு கிடந்தது. எனக்கு முன்னால் மூன்று கார். ஒரு பெரியம்மா பானெட்டின் மேல் துண்டை விரித்து, டப்பாவைத் திறந்து, எலுமிச்சை சாதத்தைக் காகிதத் தட்டில் வைத்து முன்பின் தெரியாத எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார். சாதம் நன்றாக இருந்தது. ஆனால் ஒரு மணி பத்து நிமிடம் போயிற்று. வருடத்துக்கு இரண்டு முறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மாதாமாதம் போகிறவர் யோசிக்க வேண்டும். விடுமுறை நாளில் போவதானால் பேட்டரி கால்வாசிக்குக் கீழே இறங்கும் முன்பே நிறுத்துங்கள்; அந்த சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அடுத்ததற்குப் போக மிச்சம் இருக்கும்.

வீட்டில் இரண்டு கார் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தினசரி ஓட்டத்துக்கு மின்சாரம், ஊர் விட்டு ஊர் போக பெட்ரோல் என்று வைத்திருப்பவர்களே நான் பார்த்தவரை நிம்மதியாக இருக்கிறார்கள்.

8. பழைய மின்சார கார் எடுப்பதானால்

நான் எடுத்தது பழையது. முதல் ஆள் விலைச் சரிவைத் தாங்கிவிடுவதால் நடுவயதுக் கார் நல்ல பேரம். ஆனால் பேட்டரியைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது. பெரும்பாலான கம்பெனிகள் பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. அது எந்தத் தேதியில் தொடங்கியது என்று காகிதத்தில் பாருங்கள். பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று கருவி வைத்து அளந்த அறிக்கையைக் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

2013 வாக்கில் இங்கே வந்த முதல் நிசான் லீஃப் மலிவாகக் கண்ணில் படும். அதன் பேட்டரிக்குக் குளிர்விக்கும் வசதி இல்லை, சூட்டில் சீக்கிரம் தேயும். வேக சார்ஜர் முனையும் பழைய ஜப்பான் வகை. இன்றைய புது சார்ஜர்கள் சிசிஎஸ்2 முனையில் வருகின்றன. பக்கத்து நாடுகளில் ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய கார்கள் கொள்ளை மலிவு என்று யாராவது ஆசை காட்டினால் காது கொடுக்காதீர்கள். பழைய கார் இறக்குமதிக்கு இங்கே பொதுவாகத் தடை. உங்கள் பெயரில் பதிவு செய்ய முடியாது.

கையெழுத்துக்கு முந்தைய வாரம்

வாங்க நினைக்கும் காரை, அல்லது அதே அளவுள்ள ஒன்றை, இரண்டு மூன்று நாள் வாடகைக்கு எடுத்து உங்கள் வழக்கமான பாதையில் ஓட்டுங்கள். ராத்திரி உங்கள் வீட்டிலேயே சார்ஜ் செய்யுங்கள். சார்ஜ் போடும் முன் மீட்டரில் உள்ள எண்ணைப் போட்டோ எடுங்கள், காலையில் மறுபடி எடுங்கள். ஓடிய கிலோமீட்டரையும் ஏறிய யூனிட்டையும் வகுத்தால், நான் சொன்ன 16.5-க்குப் பதிலாகப் போட வேண்டிய உங்கள் எண் கிடைத்துவிடும். முதல் ராத்திரி ஒரு மணி நேரம் கழித்துக் கராஜுக்குப் போய்ப் பிளக்கில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. சுட்டால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.